எது மாதிரி?

"காத்து கீழ போகப் போக அமுங்குது டீச்சர். சைக்கிள் பம்ப் மாதிரி. அதான் சூடு."

1996-இல் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னது இது. தங்கச் சுரங்கத்தின் அடியில் ஏன் அவ்வளவு வெக்கை என்று கேட்டிருந்தேன். அவன் சொன்னதோடு நிற்காமல் வரைந்தும் காட்டினான். நீளமாக ஒரு ஷாஃப்ட், அதன் வாயில் சைக்கிள் பம்பின் கைப்பிடி, அடியில் வேர்த்து நிற்கும் ஒரு மனிதர். அந்தப் படத்தின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். பக்கத்தில், "பூமியின் உட்புறம் வெப்பமானது" என்று விடையை எழுதிக் கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டு நோட்டை மூடினான். அந்த வருஷம் முழுக்க அவன் வகுப்பில் மறுபடி வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

கோலார் தங்க வயலில் தமிழ் வழி வகுப்புகளுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். சாம்பியன் ரீஃப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் பிறந்தேன். அப்பாவுக்கு அண்டர்கிரவுண்ட் வேலை. அவர் ஷிப்ட் முடிந்து வந்து முதுகில் தண்ணீர் ஊற்றச் சொல்லும்போது, அந்த முதுகு எப்படிக் கொதிக்கும் என்பது என் உள்ளங்கைக்குத் தெரியும். அப்படியிருந்தும் வகுப்பில் அந்தச் சூட்டைப் புத்தகத்தின் ஒற்றை வரியால் மூடிவிட்டேன்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அடுத்த வருஷம், சுரங்கத்தின் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கீழே அனுப்பும் காற்றைக் குளிரவைத்து அனுப்புவதுதான் பெரிய பாடு என்றார். பாறை சூடாக இருப்பதாலா என்று கேட்டேன்.

"பாறையும்தான். ஆனா பாறையைத் தொடறதுக்கு முன்னாடியே காத்து சூடாயிடும் டீச்சரம்மா. மேல இருக்கிற காத்தோட பாரம் கீழ இருக்கிற காத்தை அமுக்குது இல்ல? நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. மூணு கிலோமீட்டர்னா கணக்குப் போட்டுக்கோங்க."

எனக்கு அந்தப் பம்ப் கைப்பிடி ஞாபகம் வந்தது. பையன் சொன்னது சரி. முழுக் காரணம் இல்லை, பாதிக் காரணம். ஈரமான ஷாஃப்டில் தண்ணீர் ஆவியாவதால் அந்த ஒரு டிகிரி கொஞ்சம் குறையும் என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் பதின்மூன்று வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவன் அந்த இடத்துக்குப் போயிருந்தான்.

அவனைத் தேடிப் போனேன். அதற்குள் அவன் ஊரிலிருக்கும் மற்ற ஆயிரக்கணக்கானவர்களைப் போல விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். சாம்பியன் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பிடித்துச் சொன்னேன், நீ சொன்னது சரிதான் என்று. "தெரியும் டீச்சர். எங்கப்பா கடையில தினமும் பம்ப் அடிப்பேன். அடியில கை வெச்சா சுடும்" என்றான். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் என் பாடம் நடத்தும் முறை மாறியது. மாறிய விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும் என்று வெகுநாள் ஆசை.

நம் பள்ளிகளில் 'மாடல்' என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். தெர்மாகோல், கலர் பேப்பர், ஃபெவிகால், ஒரு சின்ன பல்பு. அறிவியல் கண்காட்சிக்கு முந்தின நாள் எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை ஸ்டேஷனரிக் கடைகளில் கூட்டம் நெரியும். எரிமலையோ இதயமோ அம்மாவோ அண்ணனோ செய்து கொடுக்க, பிள்ளை மேஜைக்குப் பின்னால் நின்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும். அதில் கைவேலை உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அறிவியலில் மாதிரி என்று சொல்வது வேறு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று மனசுக்குள் கட்டிப் பார்ப்பது அது. கட்டியதை வைத்து 'அப்படியானால் இது நடக்கவேண்டுமே' என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். நடக்காவிட்டால் கட்டியதைப் பிரித்து மாற்றவேண்டும்.

இதற்குத் தமிழில் புதிதாக ஒரு சொல்லைத் தேட வேண்டியதே இல்லை. பிள்ளைகள் வாயில் நாளெல்லாம் இருக்கிறது. "பம்ப் மாதிரி", "சல்லடை மாதிரி", "ஏலத்துல ஆள் கூடற மாதிரி". தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றோடு பொருத்திப் பார்க்கும்போதெல்லாம் நம் மொழி 'மாதிரி' என்கிறது. அதனால் 'ஏன்' என்று கேட்பதற்கு முன்னால் "எது மாதிரி?" என்று கேட்கப் பழகினேன். 'ஏன்' என்றால் பிள்ளைகள் புத்தகத்தைத் தேடும். 'எது மாதிரி' என்றால் வீட்டையும் தெருவையும் தேடும்.

வகுப்புக்கு மூன்று விதிகள் வைத்தேன். முதல் விதி, ரப்பர் கூடாது. முதல் படத்தை நீல மையில் வரைந்து தேதி போடவேண்டும். திருத்தம் வந்தால் பச்சையில், அதற்கும் மேல் திருத்தம் வந்தால் வேறு நிறத்தில், அதே படத்தின் மேலோ அடுத்த பக்கத்திலோ வரையலாம். பழையது அப்படியே இருக்கவேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் 'எதனால் மாற்றினேன்' என்று ஒரு வரி. அங்கே "டீச்சர் சொன்னதால்" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். "புத்தகத்தில் இருப்பதால்" என்றாலும் அப்படித்தான். பார்த்த ஒன்று, அளந்த ஒன்று, கேட்டறிந்த ஒன்று வேண்டும். மூன்றாவது விதி எனக்கு: சிவப்புப் பேனா மேஜைக்கு வெளியே வராது.

முதல் வருஷம் தோற்றுப்போனேன் என்றுதான் சொல்லவேண்டும். நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி முதல் பெஞ்சில் இருந்தாள். இரண்டே நாளில் நாற்பது நோட்டிலும் அவள் படம். பச்சைத் திருத்தம்கூட அவளுடையதேதான். நான் கேட்கக் கேட்க, எது எனக்குப் பிடிக்கும் என்று பிள்ளைகள் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒன்று செய்தேன். நன்றாகப் படிக்கிறவர்களின் படத்தைத்தான் முதலில் கரும்பலகையில் மாட்டுவேன். "இது எந்த இடத்தில் உடையும்?" என்பதுதான் வகுப்புக்கு வேலை. தன் படம் நாலு பேர் கேள்விக்கு நிற்கவில்லை என்றதும் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் பச்சை மையில் அவள் எழுதி வந்த காரணம் ஒன்றரைப் பக்கம்.

சூடு பற்றிய பாடத்தையே மறுபடி எடுத்துக்கொண்டேன். சுரங்கத்துக்குள் இறங்க இறங்கக் குளிருமா, சுடுமா? பாதி வகுப்பு குளிரும் என்றது. கேட்டால் நல்ல காரணம் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் சித்திரையிலும் ஜில்லென்று இருக்கிறது. வெயில் படாத இடம் குளிர்ச்சி. மீதிப் பாதிக்குத் தாத்தாக்கள் சாட்சி.

ஒரு தாத்தாவையே வகுப்புக்கு அழைத்தேன். பெரியப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், எங்கள் பக்கத்து லைன்காரர். நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றே பேசினார். "மேல சட்டை போட்டுக்கினு கேஜ்ல ஏறுவோம். கீழ போனதும் சட்டையெல்லாம் கெடையாது. பாறைமேல வெறுங்கையை வெச்சா வெக்க முடியாது. பூட்ஸைக் கழட்டிக் கவுத்தா வேர்வை தண்ணியா ஊத்தும்." பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எனக்குத் தோன்றியிருக்காது. "காத்து சூடா, பாறை சூடா தாத்தா?" "புதுசா வெட்டின இடம் ரொம்பச் சூடா, பழைய இடமா?" அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, புதுசா வெட்டின முகம்தான் அதிகம் சுடும், காத்து பட்டுப் பட்டு ஆறும் என்றார். பம்ப் மட்டும் காரணமாக இருந்தால் புதிதாக வெட்டிய பாறை கூடுதலாகச் சுட வேண்டியதில்லை. ஆக, பாறைக்குள்ளேயே சூடு இருக்கிறது. வகுப்பு அந்த முடிவுக்குத் தானாக வந்தது.

பிறகு எண்ணைக் கொடுத்தேன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் ஏறத்தாழ 65 டிகிரி. மேலே நிலத்தின் சராசரி 25 என்று வைத்தால், 3.2 கிலோமீட்டரில் 40 டிகிரி ஏற்றம். கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை. உலகத்தில் பல இடங்களில் இது 25, 30 வரை போகும். எங்கள் ஊர்ப் பாறை சுமார் 270 கோடி வருஷப் பழசு, ஆறி அடங்கிய நிலம். அதனால்தான் அவ்வளவு ஆழம் மனிதர்கள் போய் உயிரோடு திரும்ப முடிந்தது.

ஒரு பையன் கணக்கு நோட்டில் அந்தக் கோட்டை அப்படியே நீட்டிவிட்டான். பூமியின் நடுப்புள்ளிக்கு 6,370 கிலோமீட்டர். பன்னிரண்டரையால் பெருக்கினால் ஏறக்குறைய 80,000 டிகிரி. "டீச்சர், சூரியனோட மேற்பரப்பு 5,500 டிகிரின்னு போன பாடத்துல சொன்னீங்க. பூமிக்குள்ள சூரியனை விட சூடா?"

வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. பெருக்கல் சரி, அளவு சரி, விடை ஒத்துக்கொள்ள முடியாதது. தப்பு எங்கே? அரைமணி நேரம் விவாதம். கடைசி பெஞ்சில் இருந்த பெண் சொன்னாள்: "நாம மூணு கிலோமீட்டர்தான் பாத்தோம். அதே அளவு ஏத்தம் கடைசி வரைக்கும் இருக்கும்னு யாரு சொன்னது?" அதுதான் பாடம். ஆழத்தில் பாறை இறுகியிருந்தாலும் மிக மெதுவாகக் கொதிசோறு மாதிரி புரளுகிறது, அப்படிப் புரளும் இடத்தில் வெப்பம் கலந்துவிடுவதால் ஏற்றம் குறைந்துவிடும், நடுவில் 5,000, 6,000 டிகிரி அளவில்தான் இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் அவர்களே கோட்டை வளைத்து வரைந்திருந்தார்கள்.

குளிரும் என்று சொன்ன பாதி வகுப்பையும் நான் தோற்றவர்களாக விடவில்லை. மேலே சில மீட்டர் ஆழத்தில் நிலம் கோடை, குளிர் இரண்டையும் சராசரியாக்கி வைத்துக்கொள்கிறது. சித்திரையில் கிணறு குளிர்வது உண்மை. அவர்கள் மாதிரிக்கு ஓர் எல்லை போட்டோம்: பத்துப் பதினைந்து மீட்டர் வரை. அதற்குக் கீழே வேறு மாதிரி வேண்டும்.

எங்கள் ஊரில் இந்தப் பாடத்துக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு வசதி உண்டு. நிலம் தானாகவே கேள்வி கேட்கும். ஒரு மழைக்கால மதியம், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது சன்னல் கம்பி அதிர்ந்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. சாக்பீஸ் டப்பா மேஜையில் ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது. ஒரு பிள்ளையும் ஓடவில்லை. "ஏர்பிளாஸ்ட் டீச்சர்" என்றார்கள். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் தெறிப்பதை எங்கள் ஊர் தலைமுறைகளாக அப்படித்தான் சொல்லும். சுரங்கம் ஓடிய காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். என் அம்மா ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவன் கேட்டான்: "சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப யாரு டீச்சர் கீழ?"

அன்றைக்கே நீல மையில் வரையச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் ஊருக்கு அடியில் பெரிய வெற்றுக் குகையை வரைந்தார்கள். அதன் கூரை இடிந்து விழுவதால் அதிர்கிறது. நல்ல மாதிரிதான். அப்படியானால் என்ன நடக்கவேண்டும்? கூரை எப்போது வேண்டுமானாலும் விழலாம், வெயில் காலம் மழைக்காலம் என்று பார்க்காது. சோதிக்க ஒரு நோட்டுப் போட்டோம். தேதி, நேரம், எந்த லைனில் உணர்ந்தார்கள், அலமாரியில் டம்ளர் ஆடியதா, முந்தின வாரம் மழை உண்டா. ஒரு வருஷத்தில் அதில் விழுந்த பதிவுகள் கொஞ்சம்தான், அதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். ஆனால் பதிவுகள் மழையை ஒட்டியே கூடி நின்றன. குகைப் படத்தின் மேல் பச்சை மை விழ ஆரம்பித்தது. மூடிய பிறகு தண்ணீரை இறைக்கும் பம்புகள் நின்றுவிட்டன, சுரங்கம் நிரம்பிக்கொண்டிருக்கிறது என்பது வீடுகளில் பெரியவர்கள் பேசுவதுதான். தண்ணீர் உள்ளே வந்தது.

தண்ணீர் என்ன செய்கிறது? "சர்க்கரை மாதிரி கல்லைக் கரைக்குது." சரி, அப்படியானால் தண்ணீரில் போட்ட கல் எடை குறையவேண்டும். சுரங்கக் கழிவில் கிடந்த கறுப்புக் கல் துண்டு ஒன்றை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு சன்னலில் வைத்தோம். இரண்டு மாதம் கழித்துத் துடைத்துக் காயவைத்து அதே தராசில் நிறுத்தோம். அதே எடை. அந்தத் தராசு சொல்லும் அளவுக்குக் கல் கரையவில்லை. சர்க்கரை மாதிரியைக் கைவிட்டார்கள். கைவிட்ட நாளில் பையன்களில் ஒருவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான், அது அவன் யோசனை. "ரெண்டு மாசம் சோதிக்கிற அளவுக்கு உன் யோசனை தெளிவா இருந்தது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மனசாரச் சொன்னேன். சோதிக்கவே முடியாத மாதிரியை விட, சோதித்துத் தோற்கிற மாதிரி ஆயிரம் மடங்கு மேல்.

விடை ஒரு அடுக்களையிலிருந்து வந்தது. ஒரு பெண் பிள்ளை காலையில் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "டீச்சர், வெந்நீர்ல அலசின டம்ளரை ஈர மேடைமேல கவுத்தா, யாரும் தொடாமலே நகருது." வகுப்பில் செய்து பார்த்தோம். சத்துணவுக் கூடத்திலிருந்து வெந்நீர், எவர்சில்வர் டம்ளர், ஈரமான கடப்பைக் கல், ஒரு பக்கம் நோட்டு வைத்து லேசான சரிவு. ஆறிய டம்ளர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சூடான டம்ளர் ஒரு கணம் யோசிப்பது போல நின்று, பிறகு வழுக்கிக்கொண்டு போகிறது. சரிவு அதே சரிவு, எடை அதே எடை. உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரிந்து டம்ளரை மயிரிழை தூக்குகிறது. பாரத்தைக் கல் தாங்குவது குறைந்து, அடைபட்டது தாங்க ஆரம்பிக்கிறது. பிடிமானம் போகிறது.

"பாறை வெடிப்புக்குள்ள தண்ணி நெறைஞ்சு அமுக்கினா?" என்று அவளே கேட்டாள். மூன்றாவது நிறத்தில் படங்கள் மாறின. வெற்றுக் குகை போய், கற்கள் அடைத்த குறுகிய வெட்டுகள், அவற்றைக் குறுக்கே அறுக்கும் வெடிப்புகள், வெடிப்புக்குள் அம்புக்குறி போட்ட தண்ணீர்.

1959-இல் ஹப்பர்ட், ரூபி என்ற இரண்டு அமெரிக்க நிலவியலாளர்கள், மலையளவு பாறைப் பலகைகள் லேசான சரிவில் எப்படி நெடுந்தூரம் நகர்ந்தன என்பதை விளக்க, குளிரவைத்த காலி பீர் டப்பாவை ஈரக் கண்ணாடியில் கவிழ்த்து இதே வேலையைச் செய்து காட்டினார்கள். எங்கள் ஊரில் 1988-இல் தொடங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும், மூடிய சுரங்கத்தில் நீர் ஏறுவதற்கும் இந்த அதிர்வுகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் பிள்ளைகளிடம் பிறகு சொன்னபோது அவர்கள் அடைந்த சந்தோஷம், விடை தெரிந்த சந்தோஷம் இல்லை. தாங்கள் போன வழியில் தங்களுக்கு முன்னால் பெரியவர்களும் போயிருக்கிறார்கள் என்று கண்ட சந்தோஷம்.

இன்னொரு பயிற்சி உண்டு, அது பல ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். மூடி ஒட்டிய செருப்புப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆட்டி, சாய்த்து, காந்தம் வைத்துப் பார்த்து வரையவேண்டும். நான் அதில் ஒன்றைச் சேர்த்தேன். பெட்டியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தயார் செய்வார்கள், எனக்கும் உள்ளே இருப்பது தெரியாது. பெட்டியைக் கடைசி வரை திறக்கமாட்டோம். வருஷக் கடைசியில் பிள்ளைகள் கெஞ்சுவார்கள், "ஒரே ஒரு தடவை திறந்து காட்டுங்க டீச்சர்." அப்போது நம் ஊருக்கு அடியில் இருந்த பெட்டியின் கதையைச் சொல்வேன்.

வானிலிருந்து மியூவான் என்ற துகள்கள் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கின்றன, நீட்டிய உள்ளங்கையில் நிமிடத்துக்கு நூறு அளவில். பாறைக்குள் போகப் போக அவை வடிகட்டப்படும். 1951-இல் ஹோமி பாபா, பி.வி. ஸ்ரீகண்டனை எங்கள் சுரங்கத்துக்கு அனுப்பினார், ஆழத்தில் எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ண. 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒன்றுகூட விழவில்லை. பிள்ளைகள் இந்த இடத்தில் "ஐயோ பாவம்" என்பார்கள். பாவமே இல்லை. அவ்வளவு அமைதியான இடம் கிடைத்துவிட்டது. எதையும் துளைத்துப் போகும் நியூட்ரினோவைத் தேட வேறெங்கே போவது? 1965-இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை இங்கே பிடித்தார்கள். அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இன்னொரு குழுவும் பிடித்தது. வளிமண்டல நியூட்ரினோவை உலகத்தில் அதற்கு முன் யாரும் பிடித்ததில்லை. சுழியத்தையும் அளவாக எழுதிக்கொண்டவர்களுக்குக் கிடைத்தது அது.

அடுத்தது புரோட்டான். 1974-இல் ஜார்ஜை, கிளாஷோ என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதன்படி புரோட்டானுக்கும் ஆயுள் உண்டு, ஒன்றுக்குப் பின் முப்பது, முப்பத்தொரு சுழியம் போட்ட வருஷங்கள். அத்தனை வருஷம் யார் காத்திருப்பது? இதைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வேன்: ஒருவருக்கு எழுபது வயது ஆயுள் என்றால், எழுபதாயிரம் பேர் இருக்கும் ஊரில் வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் சாவு. ஊர் பெரிதானால் காத்திருக்கவேண்டாம். அதனால் இரும்புத் தகடுகளும் எண்ணும் குழாய்களும் அடுக்கடுக்காக, மொத்தம் 140 டன், 2.3 கிலோமீட்டர் ஆழத்துக்கு கேஜ் வழியாக இறக்கி 1980-இல் எண்ண ஆரம்பித்தார்கள். புரோட்டான் சிதைந்தது போலத் தோன்றும் சில தடங்களைக் கண்டு அறிவித்தார்கள். உலகமே எங்கள் ஊரைப் பார்த்தது. பிறகு அமெரிக்காவில் ஓஹியோவின் உப்புச் சுரங்கத்திலும் ஜப்பானின் கமியோகா சுரங்கத்திலும் பல ஆயிரம் டன் தண்ணீரை வைத்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அந்த எளிய மாதிரியை இயற்பியல் கைவிட்டது. புரோட்டானுக்கு ஆயுள் இருந்தால், அது ஒன்றுக்குப் பின் முப்பத்து நான்கு சுழியம் போட்ட வருஷங்களுக்கும் மேல் என்று இப்போது தெரிகிறது. ஆனால் கமியோகாவில் புரோட்டானுக்காகக் கட்டிய அதே தொட்டி, வெடித்த ஒரு விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்களை 1987-இல் பிடித்தது.

"அப்ப நம்ம ஊர்க்காரங்க தோத்துட்டாங்களா டீச்சர்?" என்று வருஷம் தவறாமல் ஒரு பிள்ளை கேட்கும். உன் நோட்டில் நீல மைப் படத்தைப் பார் என்பேன். அது இல்லாமல் பச்சை எங்கே வந்திருக்கும்?

இப்படிப் பாடம் எடுத்தால் போர்ஷன் முடியாது என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். அது உண்மை. சூடு பற்றிய பாடத்துக்கு இரண்டு பீரியட் ஒதுக்கியிருந்த இடத்தில் ஒன்பது பீரியட் எடுத்தேன். சில பாடங்களை அவசரமாகத் தள்ளினேன், அந்தப் பாடங்களில் என் பிள்ளைகள் பலவீனமாகத்தான் இருந்தார்கள். ஒரு பெற்றோர் நோட்டைக் கொண்டுவந்து, "தப்பான படமெல்லாம் அப்படியே இருக்கு, ஒரு டிக் கூட இல்லை" என்று வருத்தப்பட்டார். அவரை உட்காரவைத்து மகளின் மூன்று நிறங்களையும் அவளையே விளக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டைத் தடவிக் கொடுத்தார். எல்லா மாதிரியும் சரி, பிள்ளை எதை நினைத்தாலும் நல்லது என்று பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கல் கரையவில்லை என்று தராசு சொன்னால் கரையவில்லைதான். பிள்ளையின் மனம் நோகுமே என்று அதை மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் 1972-இல் தொடங்கி முப்பது வருஷம், பிள்ளைகள் செய்து பார்த்தே அறிவியல் படித்தார்கள். அது முடிகிற காலத்தில்தான் நான் ஆரம்பித்தேன். கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் அந்த ஒரு பெருக்கல் குறியைத் தவிர்த்திருப்பேன்.

ஓய்வு பெற்றபின் இப்போதும் அழைத்தால் பள்ளிகளுக்குப் போகிறேன். ஆனால் ஒரு குறை ஒவ்வொரு வருஷமும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. பெரியப்பா இப்போது இல்லை. நுரையீரலில் தூசி படிந்து போனார், எங்கள் லைன்களில் பலர் போன வழியில். கேஜில் இறங்கியவர்கள், பாறையைக் கையால் தொட்டவர்கள், ஏர்பிளாஸ்ட் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காதால் சொன்னவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்றைய எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு சுரங்கம் என்பது வேலிக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும் ஒரு கோபுரமும், காற்றடித்தால் பறக்கும் சயனைடு கழிவு மண்ணும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாரிக்குப்பத்திலோ ஆண்டர்சன்பேட்டையிலோ, பிழைப்புக்காகப் போய்விட்ட பெங்களூரிலோ, உங்கள் வீட்டில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், பக்கத்துப் பள்ளிக்கு ஒரு மணி நேரம் அழைத்துப் போங்கள். பேச்சு தயார் செய்ய வேண்டியதில்லை. பிள்ளைகள் கேட்பார்கள், அவர் பதில் சொல்லட்டும். நடக்க முடியாதவர் என்றால் பிள்ளைகளை உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரச்சொல்லுங்கள். நானும் நோட்டோடு வருகிறேன்.